200 மணி நேரம் ஓடிய பிறகு: என் படகின் ஸ்ப்ளிட் கப்ளிங்

நங்கூரத்தை இறக்கிவிட்டு, அது மண்ணில் நன்றாகப் பதிகிறதா என்று பார்க்க என்ஜினை ரிவர்ஸில் போட்டேன். எப்போதும் மெதுவாகத் தொடங்கி நிமிடத்துக்கு 2,000 சுற்று வரை ஏற்றுவேன். அன்று 1,800 தாண்டியதும் அடியில் ‘டொம்’ என்று ஒரு சத்தம். என்ஜின் சுமையே இல்லாதது போல இரைந்தது. படகு பின்னால் போகவில்லை. சுக்கானைத் திருப்பினேன், அது இறுகிப்போய் நின்றது. என்ஜினை அணைத்தபோது கீழே இருந்து தம்பியின் குரல் வந்தது: “அண்ணா, பில்ஜ் பம்ப் நிக்காம ஓடுது, சீக்கிரம் வந்து பாரு.” படகின் அடிப்பள்ளத்தில் (பில்ஜ்) சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப் அது.

படிக்கட்டை எடுத்துவிட்டு என்ஜின் அறைக்குள் விளக்கை அடித்தேன். கியர்பாக்ஸும், அதைப் புரொப்பெல்லர் தண்டோடு (ஷாஃப்ட்) இணைக்கும் கப்ளிங்கும் அவற்றின் இடத்தில் இருந்தன. ஷாஃப்ட் மட்டும் கப்ளிங்கை விட்டு வெளியே வந்திருந்தது. பத்து சென்டிமீட்டர் பின்னால் போய், புரொப்பெல்லர் சுக்கானில் முட்டியதால் அங்கே நின்றிருக்கிறது. ஷாஃப்ட் முனையில் கீ என்ற உலோகத் துண்டு உட்கார வெட்டியிருக்கும் கீவே பள்ளத்தின் ஒரு பகுதி, ஷாஃப்ட் படகை விட்டு வெளியேறும் இடத்தில் நீர் புகாமல் அடைக்கும் கிளாண்டுக்குள் போய்விட்டதால், அந்தப் பள்ளம் வழியாகக் கடல் நீர் கோடாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

சுக்கான் நேர் பின்னால் இருக்கும் படகு என்பதால் தப்பித்தோம். ஷாஃப்ட் முழுதாக வெளியே போயிருந்தால், நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே ஒரு அங்குல ஓட்டை. அதன் வழியே நிமிடத்துக்கு 60 லிட்டருக்கு மேல் தண்ணீர் வரும். என் பில்ஜ் பம்ப்பின் பெட்டியில் போட்டிருந்த அளவே மணிக்கு 1,900 லிட்டர்தான், நிமிடத்துக்கு 32 கூட இல்லை. அதுவும் தண்ணீரை மேலே தூக்க வேண்டாத நிலையில் கிடைக்கும் அளவு.

அந்த நாளுக்குப் பிறகு வாங்கிப் போட்ட ஸ்ப்ளிட் கப்ளிங் பற்றித்தான் இதை எழுதுகிறேன். போட்டு 200 என்ஜின் மணி நேரம் ஆகிவிட்டது. நல்லதும் குறையும் சொல்லும் அளவுக்கு இப்போது எனக்கு அதோடு பழக்கம் இருக்கிறது.

முதலில் பழைய கப்ளிங்கின் கதை. என்னுடையது 31 அடி பாய்மரப் படகு, 20 குதிரைத்திறன் டீசல் என்ஜின், ஒரு அங்குல ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட். பழைய கப்ளிங் திடமான ஒரே துண்டு. ஷாஃப்டின் மேல் இறுக்கமாகத் தட்டி ஏற்றி, ஒரு கால் அங்குலச் சதுரக் கீ போட்டு, பக்கவாட்டில் இருந்து முனையால் ஷாஃப்டை அழுத்தும் இரண்டு செட் ஸ்க்ரூவால் பிடிக்கும் வகை. பல படகுகளில் இன்றைக்கும் இதுதான். ஒழுங்காகப் பொருத்தினால் இதில் ஒரு தப்பும் இல்லை.

பலர் கவனிக்காத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது, எனக்கும் அப்போது தெரியாது. கீ என்பது திருகு விசையை மட்டும் தாங்கும். ஷாஃப்ட் கப்ளிங்குக்குள் தனியாகச் சுற்றாமல் அது பார்த்துக்கொள்ளும், ஆனால் பின்னால் இழுபட்டுப் போவதைத் தடுக்காது. முன்னால் போகும்போது புரொப்பெல்லர் ஷாஃப்டை கப்ளிங்குக்குள்ளேயே தள்ளுவதால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். ரிவர்ஸ் போட்டால் அதே புரொப்பெல்லர் ஷாஃப்டைப் படகுக்கு வெளியே இழுக்கிறது. அப்போது பிடித்து நிறுத்துவது கப்ளிங்கின் இறுக்கமும் அந்த இரண்டு ஸ்க்ரூவும்தான். அதனால்தான் இந்தக் கோளாறு பெரும்பாலும் நங்கூரம் பதிக்கும்போதோ, துறையில் கட்டுவதற்காக வேகத்தைக் குறைக்கும்போதோ வெளிப்படுகிறது. ரிவர்ஸ் அவசரமாகத் தேவைப்படும் நேரமும் அதுதான்.

அறிகுறிகள் முன்பே இருந்தன. முன்னுக்கும் பின்னுக்கும் கியர் மாற்றும்போது ஒரு ‘டக்’. கப்ளிங்கின் பின்விளிம்பில், ஷாஃப்ட் உள்ளே நுழையும் இடத்தில், செம்பழுப்பு நிறத்தில் மாவு போல ஒரு தூள். சாதாரணத் துரு என்று துடைத்துவிட்டு இருந்தேன். இரண்டு உலோகப் பரப்புகள் கண்ணுக்குத் தெரியாத அளவு அசைந்து ஒன்றையொன்று தேய்த்தால் வரும் தூள் அது. உங்கள் படகில் அப்படி ஒன்றைப் பார்த்தால், அன்றைக்கே ஸ்பேனரைக் கையில் எடுங்கள்.

அந்த ‘டக்’ சத்தத்துக்காக ஒரு மெக்கானிக்கை அழைத்திருந்தேன். அவர் செட் ஸ்க்ரூக்களைக் கழற்றி, நீல நிறத் திரெட்லாக்கர் பசை தடவி, திரும்ப முறுக்கிவிட்டு, “இனிமே அசையாது சார்” என்று சொல்லிப் போனார். அரை மணி நேர வேலை. ஸ்க்ரூ தலைகளில், கழலாமல் இருக்கக் கம்பி கட்டத் துளை இருந்தும் கம்பி கட்டவில்லை. ஏன் தளர்ந்தது என்று பார்க்கவே இல்லை. என்ஜின் மணி மீட்டர் என் பதிவேட்டில் இருக்கிறது: அவர் போனதற்கும் நங்கூர நாளுக்கும் நடுவில் 11 மணி நேரம். ஸ்க்ரூவின் மரையில் அந்தப் பசை அப்படியே பிடித்துக்கொண்டுதான் இருந்தது, ஸ்க்ரூ கழலவே இல்லை. அதன் முனைதான் ஷாஃப்டின் மேல் ஒரு கோடு இழுத்துக்கொண்டு வழுக்கியிருக்கிறது. ஷாஃப்டில் அந்த முனை உட்கார வேண்டிய குழியே சரியாக இல்லை.

அன்று வீடு சேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். தம்பி கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி புரொப்பெல்லரை உள்நோக்கித் தள்ளினான். நான் உள்ளே இருந்து ஷாஃப்டைக் கப்ளிங்குக்குள் வழிநடத்தினேன். கீவே கிளாண்டை விட்டு வெளியே வந்ததுமே தண்ணீர் சொட்டாகக் குறைந்துவிட்டது. பில்ஜில் விழுந்த கீயைக் கோல் முனையில் இருக்கும் காந்தத்தால் துழாவி எடுத்தோம். சாதாரண எஃகு என்பதால் ஒட்டியது, ஸ்டெயின்லெஸ் கீயாக இருந்தால் கைவிட்டுத் தேடியிருக்க வேண்டும். பிறகு கிளாண்டுக்கு முன்னால், ஷாஃப்டின் மேல் மூன்று ஹோஸ் கிளிப்பை வரிசையாக இறுக்கினேன். ஷாஃப்ட் மறுபடி பின்னால் போக முயன்றால் அவை கிளாண்டில் முட்டி நிற்கும். என்ஜினைத் தொடாமல் பாய் விரித்தே திரும்பினோம். பாயில் போகும்போதும் ஓடும் தண்ணீர் புரொப்பெல்லரைப் பின்னால் இழுத்துக்கொண்டேதான் இருக்கும், அதனால் “என்ஜின்தான் அணைத்தாயிற்றே” என்று சும்மா விட்டுவிடக் கூடாது.

சரி, ஸ்ப்ளிட் கப்ளிங்குக்கு வருகிறேன். பார்வைக்குப் பழையது போலத்தான்: நான்கு போல்ட் துளையுள்ள 4 அங்குல ஃபிளாஞ்ச் (வட்டத் தட்டு), பின்னால் குழாய் போன்ற கழுத்து. வித்தியாசம் அந்தக் கழுத்தில் இருக்கிறது. நீளவாக்கில் பிளந்து, இரண்டு பக்கமும் குறுக்கு போல்ட் போட்டிருக்கிறார்கள். போல்ட்டை முறுக்கினால் கழுத்து சுருங்கி ஷாஃப்டைச் சுற்றிலும் கவ்வுகிறது. இரண்டு ஸ்க்ரூ முனைகள் பிடித்த பிடியை இப்போது ஏழு சென்டிமீட்டர் நீளப் பரப்பு முழுவதும் பிடிக்கிறது. கீயும் செட் ஸ்க்ரூவும் இதிலும் உண்டு, ஸ்க்ரூ இங்கே கூடுதல் காவல்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, கழற்றி மாட்டுவதில் உள்ள நிம்மதி. பழைய கப்ளிங்கை ஷாஃப்டில் இருந்து எடுக்க முக்கால் நாள் போயிற்று. அவ்வளவு தளர்ந்து கழன்ற கப்ளிங், தள்ளி உள்ளே ஏற்றிய பிறகு துருத்தூளில் கடித்துக்கொண்டு நகர மறுத்தது. கியர்பாக்ஸ், கப்ளிங் இரண்டின் ஃபிளாஞ்சுக்கும் நடுவே ஷாஃப்ட் முனையில் ஒரு சாக்கெட்டை வைத்து, நீளமான போல்ட்டுகளால் ஃபிளாஞ்சுகளைச் சமமாக நெருக்கி, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தித்தான் வெளியே தள்ளினேன். ஸ்ப்ளிட் கப்ளிங்கில் குறுக்கு போல்ட்டைத் தளர்த்தி, பிளவில் ஒரு ஆப்பை மெல்லத் தட்டினால் போதும். கழுத்து விரிந்து கையாலேயே வழுக்கி வருகிறது. கிளாண்டையோ பின் பேரிங்கையோ மாற்ற ஷாஃப்டை எடுக்கும் நாளில் இதன் அருமை தெரியும்.

பொருத்தும்போது நான் கற்றவற்றில் முதலாவது: ஷாஃப்டும் கப்ளிங்கின் உட்புறமும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் காய்ந்து இருக்க வேண்டும். துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று உள்ளே கிரீஸ் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கவ்வி வேலை செய்யும் பொருளுக்கு அது எதிரி. அடுத்தது கீ. பக்கவாட்டில் அசைவே இல்லாமல் உட்கார வேண்டும், தலைக்கு மேல் மட்டும் மெல்லிய இடைவெளி வேண்டும். கீவே வெட்டும் கட்டர் வட்டமானது என்பதால் பல ஷாஃப்டுகளில் பள்ளத்தின் உள்முனை சரிவாக முடியும். கப்ளிங்கைத் தள்ளும்போது கீ அந்தச் சரிவில் ஏறிவிட்டால், கப்ளிங் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு கோணலாக இறுகும். முதல் முறை எனக்கு அப்படித்தான் ஆனது. கீயை ஐந்து மில்லிமீட்டர் வெட்டிக் குறைத்த பிறகுதான் நேராக அமர்ந்தது.

போல்ட்டுகளை இருபக்கமும் மாறி மாறி, கொடுத்திருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். முறுக்கி முடித்ததும் பிளவைப் பாருங்கள். அதில் இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். பிளவின் இரு உதடுகளும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால், போல்ட்டின் விசை முழுவதும் அங்கேயே நின்றுவிட்டது, ஷாஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். ஷாஃப்ட் அளவுக்கு மேல் தேய்ந்திருக்கிறது. அப்போது கப்ளிங்கைத் திட்டிப் பயனில்லை, ஷாஃப்டைத்தான் மாற்ற வேண்டும். என் ஷாஃப்ட் முனையில் மைக்ரோமீட்டர் வைத்தபோது தேய்ந்த பக்கம் 25.37 மில்லிமீட்டர் காட்டியது, அசல் அளவு 25.4. அதைக் கப்ளிங் நன்றாகவே கவ்வியது, பிளவிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி நின்றது.

கடைசியாக செட் ஸ்க்ரூ. புதிய கப்ளிங்கின் ஸ்க்ரூத் துளைகள் பழைய குழிகளுக்கு ஆறு மில்லிமீட்டர் தள்ளி வந்தன. துளை வழியே டிரில் செலுத்தி ஷாஃப்டில் புதுக் குழி போட்டேன், மரை கெடாமல் இருக்க உள்ளே ஒரு சின்னப் பித்தளைக் குழாயை வைத்துக்கொண்டு. ஸ்க்ரூவை இறுக்கியதும் தலைகளில் ஸ்டெயின்லெஸ் கம்பி கட்டினேன். கழல முயன்றால் கம்பி அதை இறுக்கும் பக்கமாக இழுக்க வேண்டும், அந்தத் திசை பார்த்துக் கட்டுங்கள்.

இனி குறைகள். முதல் குறை, கூட வந்த காகிதம். ஒரு படமும் நான்கு வரியும். கீ சரிவில் ஏறுவது பற்றியோ, பிளவில் இடைவெளி நிற்க வேண்டும் என்பது பற்றியோ ஒரு சொல் இல்லை. படகின் அடியில் ஓட்டை விழாமல் காக்கும் பொருளுக்கு இது போதவே போதாது. இரண்டாவது, செட் ஸ்க்ரூ தலைகளில் கம்பிக்கான துளை போடாமல் அனுப்பியிருந்தார்கள். அந்தக் கடினமான எஃகில் நானே துளை போட்டதில் இரண்டு டிரில் பிட் உடைந்தது. மூன்றாவது, இடம். இதன் கழுத்து பழையதைவிட ஒரு சென்டிமீட்டர் நீளம். கிளாண்டுக்கும் கப்ளிங்குக்கும் நடுவே எனக்கு இருந்ததே எட்டு சென்டிமீட்டர், இப்போது ஏழு. கிளாண்ட் நட்டைத் திருப்ப இரண்டு ஸ்பேனர் நுழைய வேண்டுமே, அது கொஞ்சம் சிரமமாகிவிட்டது. உங்கள் படகில் ஐந்தே சென்டிமீட்டர் இருந்தால் வாங்குவதற்கு முன் யோசியுங்கள்.

போல்ட்டுகள் கறுப்புப் பூச்சு எஃகு. மூன்றே மாதத்தில் தலைகளில் துரு எட்டிப் பார்த்தது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டாக மாற்றத் தோன்றும், மாற்றாதீர்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட் அந்த உயர்தர எஃகின் வலுவைத் தராது, மரையில் கடித்துக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. முறுக்கி முடித்த பிறகு வெளிப்புறம் மட்டும் மெழுகு வகைத் துருத்தடுப்பான் அடித்தேன், நின்றுவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது வேறு. கப்ளிங் ஏன் தளர்ந்தது என்ற கேள்விக்குக் கப்ளிங்கில் பதில் இல்லை. படகை மறுபடி தண்ணீரில் இறக்கி, உடல் தன் வடிவத்துக்கு வரட்டும் என்று இரண்டு நாள் விட்டேன். கரையில் தாங்கிகளின் மேல் நிற்கும்போது படகின் உடல் கொஞ்சம் வளைந்திருக்கும், அங்கே எடுக்கும் அளவு மிதக்கும்போது பொருந்தாது. அப்புறம் இரண்டு ஃபிளாஞ்சுகளையும் போல்ட் போடாமல் கையால் நெருக்கி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை மேலே, கீழே, இடது, வலது என்று நான்கு இடத்தில் நுழைத்தேன். 4 அங்குல ஃபிளாஞ்சுக்கு நான்கு இடத்து வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எனக்கு மேலே இடைவெளியே இல்லை, கீழே 0.35 நுழைந்தது. ஷாஃப்ட் பக்கத்து ஃபிளாஞ்சை அரைச் சுற்றுத் திருப்பிப் பார்த்தேன், பெரிய இடைவெளி கீழேயே நின்றது. கப்ளிங்கோ ஷாஃப்டோ கோணலாக இருந்தால் அது கூடவே சுற்றி மேலே வந்திருக்கும். ஆக, கோணல் என்ஜினில்.

என்ஜினைத் தாங்கும் பின்பக்க மவுண்ட்டுகளின் ரப்பர் எண்ணெய் பட்டு ஊறி அமுங்கியிருந்தது. என்ஜின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஷாஃப்ட் கப்ளிங்குக்குள் ஒரு முறை இப்படியும் அப்படியும் வளைபட்டிருக்கிறது. 20 வருடத்துக் கப்ளிங் அதில்தான் பிடியை இழந்தது. செட் ஸ்க்ரூவை முறுக்கிவிட்டுப் போன அந்த மெக்கானிக் ஒரே ஒரு ஃபீலர் கேஜை எடுத்திருந்தால் இதைக் கண்டிருப்பார். இரண்டு மவுண்ட்டும் மாற்றி, நட்டுகளைக் கால் சுற்றாக ஏற்றி இறக்கி, ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து 0.08க்குக் கொண்டுவந்தேன். தம்பி ஷாஃப்டின் தொங்கும் எடையைக் கயிற்றில் தாங்கிப் பிடித்தான். அவ்வளவு பொறுமை அவனுக்கு இருப்பது அன்றுதான் தெரிந்தது. அடுத்த நாள் என்ஜினை ஓட்டியபோது, படகு வாங்கிய காலத்தில் இருந்து சகித்துக்கொண்டிருந்த ஒரு நடுக்கம் காணாமல் போயிருந்தது.

பொருத்திய அன்று கப்ளிங்கில் இருந்து ஷாஃப்ட் வரைக்கும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டேன். ஷாஃப்ட் அரை மில்லிமீட்டர் வழுக்கினாலும், சுழன்றாலும் பின்னால் நகர்ந்தாலும், அந்தக் கோடு உடைந்து காட்டிவிடும். முதல் பத்து மணி நேரத்துக்குப் பிறகு குறுக்கு போல்ட்டுகளை மறுபடி சோதித்தபோது ஒன்று மட்டும் எட்டில் ஒரு சுற்று இடம் கொடுத்தது. அதன் பிறகு 25 மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்கிறேன், எதுவும் அசையவில்லை. இந்த 200 மணி நேரத்தில் நங்கூரத்தைப் பதிக்க 2,000 சுற்றில் ரிவர்ஸ் இழுத்தது முப்பது தடவைக்கு மேல் இருக்கும். கோடு நேராக இருக்கிறது. பழுப்புத் தூள் இல்லை. அந்த ‘டக்’ இல்லை.

ஹோஸ் கிளிப்புகள் இருந்த இடத்தில் இப்போது இரண்டு துண்டாகப் பூட்டும் ஒரு ஷாஃப்ட் காலர் போட்டிருக்கிறேன், கிளாண்டில் இருந்து இரண்டு சென்டிமீட்டர் முன்னால். கப்ளிங் என்ன ஆனாலும் ஷாஃப்ட் அதைத் தாண்டிப் போகாது, கீவேயும் கிளாண்டுக்குள் நுழையாது. கூடவே, கூம்பு வடிவ மெல்லிய மரத்தக்கை ஒன்று கிளாண்டுக்குப் பக்கத்திலேயே நூலில் தொங்குகிறது. இந்த இரண்டும் இல்லாமல் எந்தக் கப்ளிங்கையும் நம்பி நான் இனி துறையை விட்டுப் போக மாட்டேன்.

வாங்கலாமா என்றால், என் பதில் வாங்கலாம், தயக்கம் இல்லாமல். பழைய திடக் கப்ளிங் இறுக்கமாக, தூள் இல்லாமல் இருக்கிறவர்கள் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு இதற்கு ஓட வேண்டியதில்லை. கம்பி கட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இல்லையென்றால் இந்த வாரமே கட்டுங்கள். வாங்க முடிவு செய்தவர்கள் ஆர்டர் போடும் முன் ஷாஃப்டின் விட்டத்தைக் கப்ளிங் உட்காரும் நீளத்தில் மூன்று இடத்திலாவது, குறுக்காகத் திருப்பித் திருப்பி அளந்துகொள்ளுங்கள். கியர்பாக்ஸ் ஃபிளாஞ்சின் போல்ட் வட்டம், நடுவில் துருத்தி நிற்கும் வளையத்தின் விட்டம், கீயின் அகலம், கிளாண்டு வரைக்கும் உள்ள இடைவெளி, இவற்றையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். அங்குல ஷாஃப்டுக்கு 25 மில்லிமீட்டர் துளை வந்தால் உள்ளே நுழையாது. 25 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்கு அங்குலத் துளை வந்தால் ஆபத்து இன்னும் அதிகம், கையால் வழுக்கி ஏறிவிடும், போல்ட்டும் முறுக்கிக்கொள்ளும், பிளவு மூடிவிட்டதை நீங்கள் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.